பாறைக்காட்டு வீதியில் தறிச் சத்தம் போன கதை

எங்கள் பாறைக்காட்டு வீதியில் தறிச் சத்தம் காணாமல் போனதைச் சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடியும், எனக்கும் ஷிப்டுக்கு நேரமாகிறது. முதலில் ஒன்று. தறி நிற்கவில்லை. கரண்டு போகவில்லை, முதலாளிமார் கதவடைக்கவில்லை, கூலி உயர்வு கேட்டு யாரும் பந்தல் போட்டு உட்காரவில்லை. தறி பாட்டுக்கு ஓடியது, நூலைச் சுமந்த நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்து பறந்து திரும்பியது, துண்டு விரல்கடை விரல்கடையாக வளர்ந்து உருளையில் சுருண்டது, சத்தம் மட்டும் இல்லை.

சத்தம் இருந்த காலத்தில், பஸ் காவிரிப் பாலம் தாண்டியதுமே வெளியூர்க்காரர்கள் காதைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. சுவரில் கை வைத்தால் சுவர் நடுங்கும், சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும், கைக்குழந்தையைத் தூங்க வைக்க யாரும் தாலாட்டு பாட வேண்டாம், தொட்டிலைத் தறிக் குடோன் சுவர் ஓரமாகக் கட்டினால் போதும், தறியே ஆட்டித் தூங்க வைத்துவிடும். நான் பத்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். ஏன் என்று கேட்டு என்னைத் திருத்தப் பார்க்க வேண்டாம், கணக்கு வரவில்லை, தறி வந்தது, அவ்வளவுதான். முதலாளி அர்த்தனாரி அய்யாவின் குடோனில், நாடாவுக்குள் வைக்கிற நூல் தார் சுற்ற ஆரம்பித்துத் தறி ஓட்டுகிற அளவுக்கு வருவதற்குள் என் இடது காது பாதி போய்விட்டது. அதனால் யார் பேசினாலும் நான் வாயைத்தான் பார்ப்பேன்.

தறிக்காரர்கள் எல்லோருக்குமே அந்தப் பழக்கம் உண்டு. குடோனுக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்குப் போய்ச் சேராது, ஆகையால் உதட்டாலும் கையாலும் பேசிக்கொள்வோம். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்திரி மாதிரி விரித்துக் காட்ட வேண்டும். பிணைத்துவிடு என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும், முடிச்சுப் போடுகிற மாதிரி. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் முழுக்கத் தீர்ந்துபோய், இனிமேல் முடிச்சுப் போட அங்கே நூலே இல்லை என்றால், இரண்டு உள்ளங்கையையும் விரித்து வெறுங்கையாகக் காட்ட வேண்டும். வெறுங்கையைப் பார்த்துவிட்டால் எந்த மேஸ்திரியும் மறுகேள்வி கேட்க மாட்டார், தறியை நிறுத்தித் துணியை அறுத்து இறக்கிவிடுவார்.

எங்கள் வீதி மேஸ்திரி பெயர் செங்கோட்டுவேல். அண்ணன் என்று கூப்பிட வேண்டிய முறை, எனக்கு வாய் வரவில்லை, வேலு என்றே சொல்கிறேன். வீதியில் எந்தத் தறி மக்கர் செய்தாலும் வேலுதான் வர வேண்டும். அவன் பொண்டாட்டி கஸ்தூரி அக்கா. அவர்களுக்கு மூன்று வயசில் ஒரு பாப்பா. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அக்கா எங்கள் குடோனில் எனக்கு எதிர்த்தறி. அவள் கன்னம் வீங்கி வந்தால் தண்ணிக் குடம் இடித்துவிட்டது என்பாள், உதடு கிழிந்து வந்தால் நாடா பறந்து வந்து அடித்துவிட்டது என்பாள். நாடா பறந்து அடிப்பது உண்டுதான், ஆனால் எந்த நாடாவும் ஒருத்தியையே தேடித் தேடி அடிக்காது.

பெண்கள் சங்கத்திலிருந்து ஜெயக்கொடி அக்கா மொபெட்டில் வந்து வீடு வீடாகக் கேட்பார். ஆற்றுக்குப் போகிற வழியில், இரண்டு குடோன்களுக்கு நடுவில், அடி வாங்கின பெண்கள் வந்து தங்க ஓர் அறை வைத்திருக்கிறார். "உங்க பக்கத்து வூட்டுல நேத்து என்னுங்க நடந்துச்சு?" என்று கேட்டால் வீதி முழுக்க ஒரே பதில்தான், அந்தப் பதிலை அழகாகச் சொல்வதில் எங்கம்மாதான் முதலாவது. "தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங்களே."

அப்படியிருக்கும்போது, மாதாந்திரப் பராமரிப்புக்கென்று கரண்டை நிறுத்திவிட்டு மத்தியானத்துக்கு மேல் திரும்பக் கொடுத்தார்கள். பாறைக்காட்டு வீதியின் அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குள் மீன்கள் நகர்கிற மாதிரி, ஓசையில்லாமல் ஓட ஆரம்பித்தன. நாங்கள் தறி முன்னால் நின்று பார்த்தோம். யாரும் அலறவில்லை, சாமி கும்பிடவில்லை. அர்த்தனாரி அய்யா துண்டை விரலால் நெருடிப் பார்த்தார், நெசவு சரியாக இருந்தது. "துணி வருதல்லோ? அப்பறம் என்ன, ஓட்டுங்கொ," என்றார்.

நாங்கள் பழக்கத்தில் கத்திப் பேசிக்கொண்டே இருந்தோம், அதனால் முதல் நாள் வீதியே சண்டை போடுகிற மாதிரி இருந்தது, ரகசியம் என்று ஒருத்தி காதோடு சொன்னது மூன்றாவது வீட்டில் பதில் வாங்கியது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. காக்கா கத்துவதைக் கேட்டுப் பாப்பா பயந்து அழுதது. காவிரிக்குச் சத்தம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும், ஆறு கல்லில் உரசி உரசிப் போகிற சத்தம் வெயில் சாய்ந்த நேரத்தில் வீதிக்குள் நடந்து வந்து ஒவ்வொரு வாசலிலும் நின்றுவிட்டுப் போனது. கோயில் பூசாரி மந்திரத்துக்கு நடுவில் பாதி இடத்தை ம்ம் ம்ம் என்று ஒப்பேற்றுவது தெரிந்துபோனது. மருமகள் அம்மி முன்னால் உட்கார்ந்து என்ன முணுமுணுக்கிறாள் என்பது மாமியாருக்குத் தெரிந்துபோனது. சத்தமில்லாத தறி முன்னால் நின்று வெள்ளைத் துணி வளர்வதையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் செருகும், நின்றபடியே கனவு வரும். ஒருத்தியின் கனவில் செத்துப்போன அவள் அம்மா தலை சீவிவிட்டாள், இன்னொருத்தியின் கனவில் துணியெல்லாம் ஆறாக ஓடியது. கண் விழித்துப் பார்த்தால் துண்டு ஒரு முழம் வளர்ந்திருக்கும், ஒரு நூல்கூட அறுந்திருக்காது.

சாயங்காலம் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து சாப்பிடும்போது கஸ்தூரி அக்கா வீட்டிலிருந்து சத்தம் வந்தது. முதலில் தட்டு விழுந்தது. பிறகு வேலுவின் குரல், பெரிதாகக்கூட இல்லை, கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாக, "உப்பு எங்கடி, உப்பு எங்கடி," என்று. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. அடி விழுகிற சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி இருந்தது. அக்கா அழவில்லை. "பாப்பா பாக்குதுங்க, பாப்பா பாக்குதுங்க," என்று மட்டும் சொன்னாள்.

வீதி முழுக்க வாயில் வைத்த சோற்றை மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கம்மா எழுந்து உள்ளே போய் எல்லாப் பாத்திரத்தையும் சிங்க்கில் போட்டு உருட்டினாள். மறைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. சோறு ஆறிப்போனது.

மறுநாளிலிருந்து வீதி சத்தத்தைத் தேடியது. யாரும் கஸ்தூரி அக்காவைப் பற்றிப் பேசவில்லை, சத்தத்தைப் பற்றியே பேசினார்கள். குழந்தை தூங்கவில்லை என்றார்கள், தலை கிறுகிறு என்கிறது என்றார்கள், இத்தனை அமைதி வீட்டுக்கு ஆகாது என்றார்கள். சத்தத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி யாரைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள், மேஸ்திரி வேலுவைத்தான். அவனும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குடோன் குடோனாகப் போய் நட்டைத் தளர்த்தினான், முறுக்கினான், எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டு இரும்பை இரும்போடு உரசவிட்டான். தறி ஓர் உறுமல்கூடப் போடவில்லை. அந்த வீதியிலேயே சத்தம் அதிகமாகத் தேவைப்பட்ட ஆள் அவன்தான், அதனால் நன்றாகவே வேலை செய்தான்.

அர்த்தனாரி அய்யா அடுத்த ஊருக்கு ஆளனுப்பித் தறிச் சத்தத்தைப் போனில் பிடித்து வரச் சொன்னார். வீதி முனை வரைக்கும் அது தடதடவென்று கேட்டது, முனை திரும்பியதும் படம் ஓடியது, சத்தம் செத்தது. மேளக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். அவர்கள் நன்றாகத்தான் அடித்தார்கள், ஆனால் மனுசன் சாப்பிட வேண்டுமே, மேளத்தை இறக்கி வைத்து இலையில் கை வைத்த நேரத்தில் "உப்பு எங்கடி" சுத்தமாகக் கேட்டது. தவில்காரர் பிசைந்த சோற்றோடு எங்களைப் பார்த்தார். "இதுக்குத்தானுங்களா எங்களைக் கூப்புட்டீங்க?" என்றார். எழுந்து கை கழுவிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமோ மறுநாளோ, எங்கம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்தது. அம்மா தோசையைத் திருப்பினாள். இன்னோர் அடி. அம்மா அடுப்பை அணைத்தாள், தோசைக் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள், கஸ்தூரி அக்கா வீட்டுக் கதவைப் பார்த்து, பால்காரரிடம் கணக்குச் சொல்கிற குரலில், "வேலு, கேக்குது," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வீட்டிலிருந்து, "ஆமா வேலு, இங்கயும் கேக்குது." அதற்கடுத்த வீட்டில், "கேக்குதுங் மேஸ்திரி." அப்படியே அது வாசல் வாசலாகப் போனது, வெற்றிலை மென்றுகொண்டிருந்த கிழவர் துப்பிவிட்டுச் சொன்னார், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் எண்ணெய்க் கையோடு சொன்னாள், டீக்கடையில் சொன்னார்கள், ரேஷன் கடைத் திருப்பத்தில் சொன்னார்கள், வீதிக் கடைசி வரைக்கும் போய் ஆற்றங்கரையில் திரும்பி மறுபக்க வாசல் வரிசையில் ஏறி மறுபடியும் எங்கம்மாவிடம் வந்து சேர்ந்தது. கேக்குது, கேக்குது, கேக்குது. வேலு வீட்டில் சத்தம் நின்றது. அம்மா உள்ளே வந்து, "அடுப்பைப் பத்த வை புள்ள, மாவு பொங்கிப் போவுது," என்றாள். அம்மாவை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அன்றைக்குப் பிடித்தது.

வேலு ரோசக்காரன். மறுநாள் டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னான்: "சத்தம் எங்க போயிருமுங்க? இரும்பு இரும்புதான். ஒரு நாளைக்குத் திரும்பி வரும். வரட்டும், அப்பறம் என்ர வூட்டுக் கணக்கை நான் பாத்துக்கறேன்."

அதுவும் கேட்டது. கஸ்தூரி அக்கா தறியை நிறுத்திவிட்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் வேறெதுவும் இல்லாமல் ஜெயக்கொடி அக்காவின் அறைக்குப் போனாள். நானும் கூடவே போனேன், யாரும் கூப்பிடவில்லை.

அந்த அறையைப் பெரிய ஆசிரமம் மாதிரி நினைக்காதீர்கள். பழைய சைக்கிள் ஸ்டாண்டுக்குச் சுவர் வைத்தது. வெளியே தாழ்ப்பாளே கிடையாது, உள்பக்கம் மட்டும்தான் உண்டு. வருகிறவள் ஒரு தூக்கம் தூங்கி எழுகிற வரைக்கும் யாரும் அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம். கஸ்தூரி அக்கா தூங்கினாள், சத்தமில்லாத தறிகளுக்கு நடுவில், பகலும் ராத்திரியும் கலந்துபோய்த் தூங்கினாள். அவள் தூங்கும்போது கையிலிருந்த காயமெல்லாம் ஊதா நிறத்திலிருந்து பச்சையாகி மஞ்சளாகி ஒவ்வொன்றாக விடிந்தது. எழுந்த பிறகு அங்கிருந்த மற்ற பெண்களோடு வட்டமாக உட்கார வைத்தார்கள். அவளால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. சரி, கையால் சொல்லு என்றார் ஜெயக்கொடி அக்கா. அக்கா கையால் சொன்னாள். தறிக்காரிகள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் பார்த்தேன். அதைச் சொல்ல மாட்டேன், அது அவளுடையது.

பாப்பாதான் தூங்கவே இல்லை. தொட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தது, தறிச் சத்தம் இல்லாமல் அதற்குத் தூங்கத் தெரியவில்லை.

பிறகு பெரிய மனுசர்கள் வந்தார்கள். அர்த்தனாரி அய்யா முன்னால், நாலு பேர் பின்னால், அவர்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வேலு, கையில் பாப்பாவுக்குப் பன். "இப்பத்தான் அவன் பூனையாட்டம் ஆயிட்டானே அம்மிணி. வூட்டுல ஒரு சத்தமில்லை. இனியும் சத்தம் வந்தா நாங்க இத்தனை பேர் கேட்டுக்கிட்டுத்தான இருக்கறோம்?" என்றார் அய்யா. சொல்லிவிட்டுக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார். நாலு பேரும் தேய்த்தார்கள். பிணைச்சு விடு, பிணைச்சு விடு.

கஸ்தூரி அக்கா ஜெயக்கொடி அக்கா பக்கம் திரும்பி, "ஒருக்கா போய்ப் பாக்கறனுங்க்கா," என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் ஜெயக்கொடி அக்காவிடம் சண்டைக்குப் போனேன். "நீங்க போகாதேன்னு சொல்லலாமில்ல?"

"சொல்லலாம்."

"அப்பறம் ஏனுங்க சொல்லலை?"

"அவ புருசனும் அதையேதான் சொல்றான் புள்ள. இதைச் செய், அதைச் செய்யாதேன்னு. நானும் சொன்னா அவளுக்கு ரெண்டு புருசன் ஆயிருமே."

"இது என்னங்க பேச்சு. அவன் அடிச்சுக் கொன்னுபோட்டா?"

அவர் மொபெட்டை எடுக்கப் போனார், எடுக்காமல் நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கஸ்தூரி அக்காவிடம் போய், "எப்ப வேணும்னாலும் வா. கதவு தட்டக்கூட வேண்டாம்," என்று மட்டும் சொன்னார். அது போதாது என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அக்கா வீட்டுக்குப் போனாள். வீதி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. முதல் சாயங்காலம் ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த சாயங்காலமும் கேட்கவில்லை, தட்டு விழவில்லை, உப்பு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அப்படி ஓர் அமைதி, தறி ஓடுகிற மாதிரியே. வீதிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு வார்த்தைதான் சொன்னோம், மனுசன் திருந்திப்போட்டான் பாரு," என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். சத்தம் போனது நல்லதுக்குத்தான் என்றார்கள். காவிரிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். இத்தனை வருசம் உதட்டையும் கையையும் பார்த்துப் பார்த்துப் பிழைத்த வீதி, சத்தம் போன கொஞ்ச காலத்தில் முழுக்க முழுக்கக் காதாகிப் போனது, குடோனுக்குள்கூட யாரும் யார் கையையும் பார்ப்பதில்லை. கேட்கவில்லை என்றால் நடக்கவில்லை என்று முன்பும் நினைத்தார்கள், இப்போதும் அதையேதான் நினைத்தார்கள், காரணம் மட்டும் மாறியிருந்தது.

என் இடது காது பாதி என்று சொன்னேனே, நான் பார்ப்பதை விடவில்லை.

ஒரு காலை ஷிப்டில் எதிர்த்தறியில் கஸ்தூரி அக்கா இரண்டு விரலை விரித்துக் காட்டினாள். நூல் அறுந்துவிட்டது என்று போய்ப் பார்த்தேன். பாவு நூல் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை, துணி பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. "எல்லாம் சரியாத்தான இருக்குதுக்கா?" என்றேன். அவள் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் தறிக்கு வந்ததும் மறுபடியும் இரண்டு விரல். மறுபடியும் போனேன், மறுபடியும் ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல். மூன்றாம் தடவை அவள் விரலை விரித்தபோது தறியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன். அவள் இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தாள், நாடாவை மாற்றும்போதுகூட அந்த முழங்கை நகரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமில்லாம அடிக்கறான்."

எப்படி என்று கண்ணால் கேட்டேன். ஈரத்துண்டை வாயில் திணிக்கிறான் என்றாள். நாங்கள் நெய்த துண்டு. பாப்பாவைக் குளியலறையில் பூட்டிவிட்டு, டிவியில் பாட்டைக்கூடப் போடாமல், பொறுமையாக, எலும்பு எங்கே முறியும் எங்கே முறியாது என்று தறியைப் பிரித்து மாட்டுகிறவனுக்குத் தெரியாதா, அவ்வளவு நிதானமாகக் கையை முறுக்குகிறான் என்றாள். இவ்வளவையும் உதட்டால் சொல்லிவிட்டு, முகத்தில் ஒன்றும் இல்லாமல், அடுத்த தாரை எடுத்து நாடாவில் மாட்டினாள், ஏனென்றால் அந்த நேரம் அர்த்தனாரி அய்யா எங்களுக்கு நடுவில் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

நான் கத்தியிருக்கலாம். கத்தினால் வேலுவுக்கும் கேட்கும், அவன் மூன்றாவது குடோனில் மோட்டார்ப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தான், வீட்டில் பாப்பா தனியாக இருந்தது, எங்களுக்கு முன்னால் அவன் அங்கே போய்விடுவான். அதனால் தறிமேல் ஏறி நின்று கையைத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. கையைத் தட்டாமல் தட்டினேன், ஆட்டினேன், பைத்தியம் மாதிரி குதித்தேன். கடைசித் தறியில் இருந்தவள் என்ன கூத்து இது என்று நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கையால் சொன்னேன். அவள் முகம் மாறியது, அவள் பக்கத்துத் தறியைத் தட்டினாள், அவள் அடுத்தவளுக்குச் சொன்னாள், மறந்துபோயிருந்த விரல்களெல்லாம் நினைவு வந்து அசைய ஆரம்பித்தன, அய்யாவின் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேல், ஜன்னல் வழியாக அடுத்த குடோனுக்கு, அங்கிருந்து தார் சுற்றுகிற சிறுமிகளுக்கு, அங்கிருந்து ரோட்டைத் தாண்டி எங்கம்மா வேலை செய்கிற குடோனுக்கு, வேலுவின் தலைக்கு மேலேயே ஒரு தடவை கடந்து, பாறைக்காட்டு வீதியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அந்தச் செய்தி நாடா மாதிரி பறந்தது, ஓர் எறும்பின் சத்தம்கூட எழவில்லை. அய்யா திரும்பியபோது தறியெல்லாம் நின்றிருந்தது, ஒரு பெண்பிள்ளையும் குடோனில் இல்லை.

எங்கம்மா பாப்பாவைத் தூக்கி வந்தாள். நாங்கள் கஸ்தூரி அக்காவை நடுவில் விட்டு ஆற்று வழியில் நடந்தோம். எங்கள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. வேலு ஸ்பேனரோடு குடோன் வாசலில் வந்து நின்று பார்த்தான். அவ்வளவு செருப்புக்கு நடுவில் இறங்கி வர அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில் நடந்தது, அது எனக்குச் சலிப்பு. ஜெயக்கொடி அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், முழங்கையில் கட்டுப் போட்டார்கள், பெண்கள் பாதுகாப்பு அதிகாரியம்மா வந்து விசாரித்தார், கோர்ட்டில் வேலு அவள் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். பாறைக்காட்டு வீதியில் யாராவது ஒருத்தர் சாட்சி சொல்வாரா என்று கேட்டபோது எங்கம்மா முன்னால் போய் நின்றாள். "இத்தனை வருசமாக் கேட்டுச்சுங்க. கேக்கலைன்னு பொய் சொன்னேன்," என்றாள். அதன்பிறகு வீட்டுக்கு வந்து என்னைச் சோற்றுக்கு உப்புப் போடவில்லை என்று திட்டினாள். நான் உப்பு டப்பாவைத் தள்ளினேன், இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது முடிவுக்கு வருகிறேன்.

சத்தம் எப்படிப் போனதோ அப்படியே வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து தறியைப் போட்டோம், வீதி முழுக்கத் தடதடவென்று இடி விழுந்தது. காக்கா செத்தது, காவிரி செத்தது, சொம்புத் தண்ணீரில் வட்டம் எழுந்தது. நியாயமாகச் சந்தோசப்பட வேண்டும். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எல்லோருக்கும் டீக்கடையில் அவன் சொன்னது நினைவு வந்தது. சங்கத்து அறை என் தறி ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது, அங்கே அந்த நேரம் கஸ்தூரி அக்காவும் பாப்பாவும் மட்டும்தான். ஜெயக்கொடி அக்கா கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

வேலு வந்தான். உத்தரவு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும், சத்தம் வந்துவிட்டது என்பதும் தெரியும், இரண்டில் எது பெரிது என்று அவன் முடிவு செய்துவிட்டான். குளித்து, திருநீறு பூசி, புது வேட்டி கட்டி, தறிச் சத்தத்துக்குள் மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்து அறைக்கு முன்னால் நின்றான். கஸ்தூரி அக்கா தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளவில்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

அவன் வாய் திறந்து மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது, கை நீண்டது. என்ன கத்தினான் என்று எனக்குத் தெரியும், உதட்டைப் படித்தேன், சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனையும் தறிச் சத்தத்தில் உதிர்ந்து அவன் காலடியிலேயே விழுந்தது, ஒரு சொல்கூட அவள்வரை போய்ச் சேரவில்லை. அவன் இத்தனை நாளும் ஏங்கின சத்தம், இப்போது அவனையே விழுங்கிக்கொண்டிருந்தது. நான் தறியில் ஏறி நின்று கையைத் தூக்கினேன், இந்தத் தடவை குதிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கத்திப் பயனில்லை என்று அவனுக்கும் புரிந்தது. தறிக்காரன்தானே. வாயை மூடினான். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி தேய்த்தான். பிணைச்சு விடலாம், கஸ்தூரி. பிணைச்சு விடலாம்.

கஸ்தூரி அக்கா அந்த விரல்களையே பார்த்தாள். பாப்பாவை இறக்கித் தன் காலோடு சேர்த்து நிற்க வைத்தாள். சரியாக நீளாத இடது கையையும் நீட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, வெறுங்கையாகக் காட்டினாள்.

அவன் அதைப் பார்க்காமல் வேறெங்காவது பார்க்கத் திரும்பினான், திரும்பின பக்கமெல்லாம் குடோன் ஜன்னல். ஜன்னல் ஜன்னலாகப் பஞ்சுத் தூசி ஒட்டிய வெள்ளை உள்ளங்கைகள், எங்கம்மாவுடையது, தார் சுற்றுகிற சிறுமிகளுடையது, என்னுடையது. ஒரு ஜன்னலில் அர்த்தனாரி அய்யா கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தரையைப் பார்த்தார், பிறகு கட்டின கையைப் பிரித்தார். பாவு தீர்ந்துபோச்சு மேஸ்திரி. வாழ்நாளெல்லாம் வெறுங்கையைப் பார்த்ததும் மறுபேச்சில்லாமல் துணியை அறுத்து இறக்கின கை அவனுடையது, அது தானாகவே கீழே தொங்கியது. வந்த வழியில் திரும்பி நடந்தான். எதையோ முணுமுணுத்துக்கொண்டே போனான், அது யாருக்கும் கேட்கவில்லை.

கஸ்தூரி அக்கா என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். நன்றி கின்றி என்று எதையோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன், எனக்கு அதெல்லாம் பிடிக்காது. அவள் சொன்னது வேறு.

"சத்தம் போடாத. பாப்பா தூங்கிருச்சு."

பார்த்தேன். அவள் காலைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே, வாயைத் திறந்து, எத்தனையோ நாள் தூக்கத்தையும் சேர்த்து அது தூங்கிக்கொண்டிருந்தது. வீதி முழுக்கத் தறி தடதடத்தது.